'ராசி இல்லாத டீம்'னு எழுதாதீங்க ஐயா

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்க விளையாட்டுப் பக்கத்துல கீழ் மூலையில சின்னதா ஒரு பொட்டிச் செய்தி வந்திருந்துச்சு, அமெரிக்கா என்பிஏ கூடைப்பந்துல ஃபிலடெல்ஃபியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் டீமைப் பத்தி. மேல முழுக்க இங்கிலீஷ் லீக், அதுக்கு அடுத்து பேட்மிண்டன், மிஞ்சின எடத்துல இது. அத நான் குறையா சொல்லல, கூடைப்பந்துன்னு ஒரு வார்த்தை தமிழ்ப் பேப்பர்ல வந்ததே எனக்கு சந்தோசம்தான், வெட்டி வைக்கலாம்னு கத்திரிக்கோல் கூட தேடினேன். ஆனா தலைப்புல 'ராசி இல்லாத அணி'ன்னு போட்டுட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு தே தண்ணி தொண்டையில சிக்கிக்கிச்சு. 24 வருஷமா அந்த டீமுக்காக தூக்கம் கெட்டவன் நான். ராசி மேல பழிய போட்டா அந்த டீமை நடத்துன ஆளுங்க எல்லாம் தப்பிச்சிப் போயிடுவாங்க, அதனாலதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாதான் போகும், நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா நீங்களே திருத்திக்குங்க.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். மலேசியாவுல சிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை ஆளு. போர்டுல இப்ப பெஸ்தாரி ஜெயான்னு போட்டிருக்காங்க, ஆனா பஸ்ஸுல ஏறினா நாங்க இன்னும் பழைய பேருதான் சொல்றோம். அப்பா கித்தா மரத்துல, அதாவது ரப்பர் மரத்துல, பால் வெட்டினவரு, அப்புறம் அந்தக் காடு முழுக்க செம்பனையா மாறிடுச்சு, நான் இப்ப செம்பனை ஆலையில பாய்லர் பாக்குறேன். தோட்டத்துப் பையனுக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. எங்க லயத்துல பந்துன்னா கால்பந்து, இல்லன்னா சாயங்காலத்துல தக்ரோ. ஆனா டவுன்ல சீனப்பள்ளியில ஒரு கோர்ட் இருந்துச்சு, சிமெண்டுத் தரை, சாயங்காலம் கேட்டு திறந்தே இருக்கும், நான் ஃபாரம் டூ படிக்கும்போது அங்க போய் ஓரமா நின்னு வெளிய வர்ற பந்தை எடுத்துப் போட்டுப் போட்டே ஒருநாள் உள்ள கூப்பிட்டுட்டாங்க. அதுல ஒருத்தன் அப்பா டயர் கடை வச்சிருந்தாரு. 2001ல நான் எஸ்பிஎம் பரீட்சை எழுதுற வருஷம், அந்த டயர் கடை டீவியிலதான் ஆலன் ஐவர்சனைப் பாத்தேன். ஆறடிதான் இருப்பாரு, அந்த ஆட்டத்துல ஆறடின்னா குள்ளம். அந்த வருஷம் லேக்கர்ஸ் டீம் பிளேஆஃப்ல, அதாவது சீசன் முடிஞ்சி நல்லா ஆடின டீமுங்க மட்டும் கப்புக்கு மோதுற சுற்றுல, ஒரு ஆட்டம் கூட தோக்காம ஃபைனலுக்கு வந்து நிக்குது, மொத ஆட்டத்துலயே இவரு 48 பாயிண்ட் போட்டு அவங்களைச் சாய்ச்சிட்டு, கீழ விழுந்து கெடந்தவனைத் தாண்டி ஒரு நடை நடந்தாரு பாருங்க, அவ்ளோதான், அந்த வாரமே பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில 3 நம்பர் ஜெர்சி வாங்கிட்டேன், போலிதான், ரெண்டு தடவ துவைச்சதும் நம்பர் உரிஞ்சிடுச்சு. ஃபைனல்ல மொதல்ல நாலு ஆட்டம் ஜெயிக்கிறவனுக்குத்தான் கப்பு, அடுத்த நாலும் தோத்து 4-1ன்னு முடிஞ்சது வேற கதை.

ஐயா, நான் பாத்த அந்த 2001தான் சிக்ஸர்ஸ் கடைசியா ஃபைனல் ஆடினது. அதுக்கு அப்புறம் 2025 வரைக்கும், ஃபைனலுக்கு முந்தின சுற்று, கிழக்கு மண்டல ஃபைனலுக்குக் கூட ஒரு தடவ போகல. கப்பு ஜெயிச்சது 1983ல, மோசஸ் மலோன், ஜூலியஸ் எர்விங் காலம், நான் பொறக்குறதுக்கு முந்தி. 2018ல இருந்து 2024 வரைக்கும் ஏழு வருஷம் விடாம பிளேஆஃப் போனாங்க, அதுல அஞ்சு தடவ ரெண்டாவது ரவுண்டுல அவுட், ரெண்டு தடவ மொத ரவுண்டுலயே அவுட். இதப் பாத்துட்டுதான் நீங்க ராசி இல்லன்னு எழுதிட்டீங்க, எனக்குப் புரியுது. வெளிய இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்.

உள்ள வந்து பாக்கணும்னா 2013ல இருந்து ஆரம்பிக்கணும். அந்த வருஷம் சாம் ஹிங்கின்னு ஒருத்தர் மேனேஜரா வந்தாரு. என்பிஏல ஒரு வழக்கம், கடைசியில நிக்கிற டீமுங்களுக்குத்தான் அடுத்த வருஷம் புதுசா வர்ற நல்ல பையனுங்களை மொதல்ல எடுக்குற வாய்ப்பு அதிகம், டிராஃப்ட்னு சொல்லுவாங்க. இவரு என்ன செஞ்சாருன்னா இருக்கிற நல்ல ஆளை எல்லாம் வித்துட்டு டீமை அடிமட்டத்துக்கு எறக்கிட்டாரு. மூணு சீசன்ல 47 வெற்றி, 199 தோல்வி. 2015-16ல மட்டும் 82 ஆட்டத்துல 10 ஜெயிச்சாங்க. இதுக்குப் பேரு புரோசெஸ்ஸாம், ரசிகனுங்க எல்லாம் புரோசெஸ்ஸை நம்புன்னு கோஷம் வேற போட்டாங்க, நானும் போட்டேன், மறைக்க என்ன இருக்கு.

இத நான் எங்கப்பாகிட்ட ஒருநாள் வெளக்கினேன். அவருக்கு கூடைப்பந்து ஒண்ணும் தெரியாது, ஆனா பட்டுன்னு புரிஞ்சிக்கிட்டாரு, ரீபிளாண்டிங்தானேடான்னாரு. பழைய மரத்தை எல்லாம் சாய்ச்சிட்டு கன்னு நட்டு, ஆறு வருஷம் ஒரு மங்கு பால் கெடைக்காம காத்திருக்கிறது. அதுல தப்பு இல்ல, எல்லாத் தோட்டமும் செய்யறதுதான்னாரு. ஆனா ஒண்ணு சொன்னாரு, கன்னு தப்பா எடுத்துட்டியான்னு தெரியறதுக்கே அந்த ஆறு வருஷம் ஆகும், அப்ப தெரிஞ்சி என்ன புண்ணியம்னு. அவரு போயி சேந்து ஏழு வருஷம் ஆச்சு, அந்தப் பேச்சை நான் ஒவ்வொரு மே மாசமும் நெனைச்சிக்கிறேன்.

ஹிங்கி 2016ல 13 பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி வச்சிட்டு வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு. (நான் அவ்ளோ எழுத மாட்டேன், பயப்படாதீங்க.) அவரு நட்டதுல ஒண்ணு நல்ல கன்னு, ஜோயல் எம்பீட், கேமரூன்ல இருந்து வந்த ஏழடிப் பையன், 2014ல மூணாவதா எடுத்தது, கால் எலும்பு ஒடைஞ்சி மொத ரெண்டு சீசன் ஆடவே இல்ல, ஆனா ஆட ஆரம்பிச்சதும் அந்த மாதிரி ஆளு லீக்ல இல்ல. 2016ல மொத நம்பர் வாய்ப்புல பென் சிம்மன்ஸ் வந்தாரு. சரி, ரெண்டு தூண் ஆச்சு. 2017ல மூணாவது தூண் வேணும். இங்கதான் ஐயா மொத கோளாறு. கையில மூணாவது நம்பர் வாய்ப்பு இருந்துச்சு. அது பத்தாதுன்னு எதிரி பாஸ்டன் கிட்ட போயி அந்த மூணாவதையும் குடுத்து, எதிர்காலத்துல வரப்போற இன்னொண்ணையும் குடுத்து, மொத நம்பரை வாங்கினாங்க. வாங்கி மார்கெல் ஃபுல்ட்ஸ்னு ஒரு பையனை எடுத்தாங்க. அவருக்கு தோள்ல நரம்புக் கோளாறு, பந்து போடுற பாணியே மாறிப் போச்சு, பாவம், சிக்ஸர்ஸுக்கு மொத்தம் 33 ஆட்டம்தான் ஆடினாரு. பாஸ்டன் அந்த மூணாவது வாய்ப்புல யாரை எடுத்துச்சு தெரியுமா, ஜேசன் டேட்டம். இந்தப் பேரை ஞாபகம் வச்சிக்குங்க, பின்னாடி வருவாரு.

2018ல, இந்தப் புரோசெஸ்ஸுக்கு அப்புறம் மொத தடவ பிளேஆஃப். 52 ஆட்டம் ஜெயிச்சிட்டு வந்து பாஸ்டன் கிட்ட 4-1ன்னு தோத்தாங்க. அதுல மூணாவது ஆட்டம் நமக்கு ஞாயித்துக்கிழமை விடிகாலை அஞ்சு மணி, பொதுத்தேர்தலுக்கு மூணு நாள் இருக்கு, எங்க ரோட்டுல ரெண்டு பக்கமும் கொடி. கடைசி நொடியில பெலினெல்லின்னு ஒருத்தர் ஓரத்துல இருந்து பந்தைப் போட்டாரு, உள்ள விழுந்துச்சு, மேல இருந்து கலர் கலரா பேப்பர் கொட்டுது, ஜெயிச்சாச்சுன்னு நான் குதிக்கிறேன். அவரு காலு மூணு பாயிண்ட் கோட்டுக்கு உள்ள, அதனால அது மூணு பாயிண்ட் இல்ல ரெண்டு, ஆட்டம் சமம்தான். பேப்பரைக் கூட்டிப் பெருக்கிட்டு ஓவர்டைம் ஆடி 101-98ன்னு தோத்தாங்க. கொட்டின பேப்பரைக் கூட்டிட்டு தோத்த டீமை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா.

அடுத்தது 2019. இதத்தான் உங்க செய்தியில துரதிர்ஷ்டத்துக்கு மொத உதாரணமா எழுதியிருந்தீங்க. ரெண்டாவது ரவுண்டுல டொரோண்டோ கூட ஏழாவது, கடைசி ஆட்டம், அங்க ஞாயிறு ராத்திரி ஏழு மணி, நமக்கு திங்கள் காலை ஏழு, அந்த மாசத்துல சரியா 12 மணி நேரம் வித்தியாசம். நோன்பு மாசம், மாமாக் கடை காலையில மூடி இருக்கு, நான் ஆலைக்கு வெளிய மோட்டர் மேல உக்காந்து ஃபோன்ல பாக்குறேன். 90-90. நாலு நொடி இருக்கு. கவாய் லெனார்ட் மூலையில இருந்து எம்பீட் கைக்கு மேல வளைச்சி வீசினாரு, மணி அடிச்சிடுச்சு, பந்து வளையத்துல பட்டு குதிக்குது, மறுபடி குதிக்குது, நாலு தடவ குதிச்சி உள்ள போச்சு. 92-90. ஆமா, அந்தப் பந்து வெளிய விழுந்திருக்கலாம். நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

ஆனா அன்னைக்கு ஆட்டத்தோட கணக்கை எடுத்துப் பாருங்க. எம்பீட் 45 நிமிஷம் ஆடினாரு, அவரு உள்ள இருந்த நேரத்துல சிக்ஸர்ஸ் 10 பாயிண்ட் மேல. அவரு மூச்சு வாங்க வெளிய உக்காந்தது மூணு நிமிஷம் கூட இல்ல, அந்த நேரத்துல 12 பாயிண்ட் கீழ. மிச்சம் ரெண்டு. அந்த ரெண்டுதான் தோல்வி. நாலு தடவ குதிச்ச பந்து ராசின்னா சரி, அந்த மூணு நிமிஷத்துக்கு உக்கார வைக்க ஒரு உருப்படியான ஆளைத் தேடாதது யாரோட ராசி?

அந்த லீவுலதான் பெரிய கூத்து. அந்த வருஷம் பிளேஆஃப்ல கடைசி நிமிஷத்துல பயம் இல்லாம ஆடினது ஜிம்மி பட்லர். 90-90ன்னு சமம் பண்ணதே அவருதான். அவரை மயாமிக்கு அனுப்பிட்டாங்க. அனுப்பிட்டு டொபையஸ் ஹாரிஸுக்கு அஞ்சு வருஷத்துக்கு 180 மில்லியன் டாலர் குடுத்தாங்க, நல்ல மனுசன், கெட்ட பேரு கெடையாது, ஆனா 180 மில்லியனுக்கு உண்டான ஆளு இல்ல. பட்லர் போன எடத்தை நிரப்ப பாஸ்டன்ல இருந்து அல் ஹோர்ஃபர்டைக் கொண்டு வந்தாங்க, அவரும் எம்பீட் ஆடுற அதே எடத்துல ஆடுறவரு, ரெண்டு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சிக்கிட்டாங்க. ஒரு வருஷம்தான், 2020ல பாஸ்டன் 4-0ன்னு தொடைச்சிப் போட்டுச்சு, சிம்மன்ஸ் முட்டி அடிபட்டு ஆடல, கோச் பிரெட் பிரவுன் வீட்டுக்கு. பட்லர் என்ன ஆனாரு? அதே வருஷம் மயாமிய ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஹோர்ஃபர்டை எப்படியாவது கழட்டி விடணும்னு ஒக்லஹோமா டீம்கிட்ட தள்ளிவிட்டாங்க, சும்மா எடுத்துக்குவாங்களா, கூட 2025 டிராஃப்ட் வாய்ப்பையும் சேத்துக் குடுத்தாங்க. அந்தக் கடன் கதைக்கு அப்புறம் வரேன்.

2021தான் எனக்கு இன்னும் ஆறல. அந்த வருஷம் கிழக்குல மொத எடம், 49 வெற்றி 23 தோல்வி. ரெண்டாவது ரவுண்டு அட்லாண்டா, சின்னப் பசங்க டீம். இங்க முழு எம்சிஓ, கொரோனா ஊரடங்கு, ஜூன் மாசம், ஆலை மட்டும் ஓடுது, சாலையில போலீஸ் தடுப்பு, கடிதத்தைக் காட்டிக் காட்டி வேலைக்குப் போயிட்டு வந்தேன். நாலாவது ஆட்டத்துல 18 பாயிண்ட் முன்னணிய விட்டாங்க. அஞ்சாவதுல சொந்த மண்ணுல 26 பாயிண்ட் முன்னணிய விட்டாங்க, இருபத்தாறு, நான் பாதியில முகம் கழுவப் போயிட்டேன் ஜெயிச்சாச்சுன்னு. ஏழாவது ஆட்டத்துல மூணரை நிமிஷம் இருக்கும்போது சிம்மன்ஸ் வளையத்துக்குக் கீழ நிக்கிறாரு, ஆறடி பத்து உசரம், எதிர்ல ட்ரே யங், அவரு ஆறடி சொச்சம், சும்மா எம்பிக் கையை வச்சா போதும். வைக்கல. பந்தைப் பக்கத்துல இருந்தவனுக்குக் குடுத்துட்டாரு. ஏன்னா எதிராளி ஃபவுல் பண்ணிட்டா கோட்டுல தனியா நின்னு ஃப்ரீ த்ரோ போடணும், அந்தப் பிளேஆஃப்ல அவரு போட்ட ஃப்ரீ த்ரோவுல 34 விழுக்காடுதான் உள்ள போச்சு. 103-96.

இதுவும் ராசியா? நாலு வருஷமா சிம்மன்ஸுக்குத் தூரத்துல இருந்து பந்து போடத் தெரியாதுன்னு டயர் கடையில டயர் மாத்த வந்தவனுக்கே தெரியும். எங்க சீனப்பள்ளி கோர்ட்ல வயசான சீனர் ஒருத்தர், நாங்க அங்கிள்னுதான் கூப்பிடுவோம், வந்தவுடனே எங்களை ஃப்ரீ த்ரோ கோட்டுல நிக்க வச்சி அம்பது போடச் சொல்லுவாரு, போட்டாத்தான் ஆட விடுவாரு. சம்பளம் இல்லாத அங்கிளுக்குத் தெரிஞ்சது கோடிக்கணக்குல சம்பளம் வாங்குற கூட்டத்துக்குத் தெரியலயா. தெரியும், சொல்ல ஆளு இல்ல, அவ்ளோதான்.

2022. சிம்மன்ஸ் போயி ஜேம்ஸ் ஹார்டன் வந்தாச்சு. மொத ரவுண்டுல டொரோண்டோவை ஆறாவது ஆட்டத்துல அடிச்சி நொறுக்கிட்டாங்க, கிட்டத்தட்ட 30 பாயிண்ட் முன்னால, நாலு நிமிஷம்தான் இருக்கு. கோச் டாக் ரிவர்ஸ் எம்பீடை வெளிய எடுக்கல. முழங்கை ஒண்ணு முகத்துல பட்டு கண்ணுக்கிட்ட எலும்பு ஒடைஞ்சிடுச்சு. எங்கப்பா சொல்லுவாரு, மரத்தைத் தெனமும் வெட்டாதே, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு, ஆசைப்பட்டு வெட்டினா பட்டை காய்ஞ்சி பாலே நின்னுடும்னு. ஜெயிச்ச ஆட்டத்துல எதுக்கய்யா மரத்துல கத்தி. அடுத்த ரவுண்டு மயாமி, எம்பீட் இல்லாம மொத ரெண்டு ஆட்டம் போச்சு, அப்புறம் முகமூடி போட்டுட்டு வந்து ரெண்டு ஜெயிச்சாரு. ஆறாவது ஆட்டம் 99-90, அங்க ஃபிலடெல்ஃபியாவுலயே. அடிச்சது யாரு? பட்லர், 32 பாயிண்ட். ஹார்டன் ரெண்டாவது பாதியில ஒரு பாயிண்ட் கூட எடுக்கல. ஆட்டம் முடிஞ்சி பட்லர் நடந்து போகும்போது எனக்குப் பதிலா டொபையஸ் ஹாரிஸான்னு கத்திட்டுப் போனாராம். எனக்கு அவரு மேல கோபமே வரல, அந்தக் கேள்விய நான் மூணு வருஷமா கேட்டுட்டு இருந்தேன்.

2023 வேகமா சொல்லிடறேன், நெனைச்சாலே வயிறு கலங்குது. எம்பீட் அந்த வருஷம் லீக்ல சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்குனாரு, ஆட்டத்துக்கு சராசரி 33 பாயிண்ட். பாஸ்டன் கூட 3-2ன்னு முன்னணி, இன்னும் ஒண்ணு ஜெயிச்சா போதும், அதுவும் சொந்த மண்ணுல ஆட்டம். டேட்டம் அன்னைக்கு மூணு குவாட்டர் எதப் போட்டாலும் வெளிய, கடைசி குவாட்டர்ல வரிசையா தூரத்துல இருந்து போட்டு 95-86. ஏழாவது ஆட்டம் நமக்கு திங்கள் விடிகாலை மூணரை. லீவு கேட்டேன், சுப்பர்வைசர் தரல, ஒடம்பு சரியில்லன்னு எம்சி, அதாவது மெடிக்கல் லீவு எடுத்தேன், இப்ப சொன்னா என்ன, அவரு தமிழ்ப் பேப்பர் படிக்க மாட்டாரு. மூணாவது குவாட்டர் பாஸ்டன் 33, சிக்ஸர்ஸ் 10. டேட்டம் 51 பாயிண்ட். ஏழாவது ஆட்டத்துல அதுவரைக்கும் யாரும் அவ்ளோ எடுத்தது இல்ல. எம்பீட் 15, ஹார்டன் 9. 112-88. 2017ல கையில இருந்த வாய்ப்பை நாமளே கொண்டு போயி பாஸ்டன் வீட்டுல குடுத்துட்டு வந்தது அந்த 51. எம்பீடை மறிச்சி நின்னது யாருன்னு பாத்தா ஹோர்ஃபர்ட், அவரும் பாஸ்டனுக்கே திரும்பிப் போயிட்டாரு. டாக் ரிவர்ஸுக்கு அது ஏழாவது ஆட்டத்துல பத்தாவது தோல்வி, அவரையும் அனுப்பிட்டாங்க. புதுசா யாரைக் கொண்டு வந்தாங்க தெரியுமா, நிக் நர்ஸ், 2019ல அந்த நாலு குதி குதிச்ச பந்து விழும்போது டொரோண்டோ கோச்சா நின்னவரு.

நான் வேணும்னே வரிசையா சொல்றேன் ஐயா. பட்லர் நாம விட்ட ஆளு. டேட்டம் நாம வேணாம்னு சொன்ன ஆளு. ஹோர்ஃபர்ட் நாம தொரத்தின ஆளு. 2018ல மிக்கல் பிரிட்ஜஸ்னு உள்ளூர் பையனை எடுத்தாங்க, அவங்கம்மா அந்த டீம் கம்பெனியிலயே வேலை, எடுத்த அன்னைக்கே கொஞ்ச நேரத்துல வேற டீமுக்கு மாத்திட்டாங்க, அந்தம்மா முகம் எப்படி இருந்திருக்கும். வெளிய இருந்து வந்த எதிரிய விட, வீட்டுல இருந்து அனுப்பின ஆளுங்கதான் இந்த டீமைத் திரும்பத் திரும்பத் தோக்கடிச்சிருக்காங்க. இதுக்குத் தமிழ்ல ராசின்னா பேரு?

நியாயமா பேசணும்னா எம்பீட் உடம்பு மட்டும் துரதிர்ஷ்டம்தான், அத ஒத்துக்கிறேன். 2018ல முகம், 2021ல முட்டி, 2022ல முகம் மறுபடி, கட்டை விரல், 2023ல முட்டி, 2024 ஜனவரியில சான் அந்தோனியோ டீமை 70 பாயிண்ட் போட்டு அடிச்சாரு, அடுத்த வாரமே முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு. அந்த வருஷம் திரும்பி வந்து நியூயார்க் கூட மொத ரவுண்டு ஆடும்போது முகத்துல ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, கண்ணு மூட முடியல, அதோட ஒரு ஆட்டத்துல 50 பாயிண்ட் போட்டாரு. அந்த மனுசனைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னா எனக்குக் கோபம் வரும். ஆனா ஒரே மரத்தை நம்பி தோட்டம் போட்டவனுக்கு, அந்த மரத்துல நோய் வந்தா அது ராசி இல்லன்னு சொல்ல முடியுமா?

அந்த நியூயார்க் சீரிஸ்ல ரெண்டாவது ஆட்டம், அரை நிமிஷம் இருக்கும்போது அஞ்சு பாயிண்ட் முன்னணி, அதையும் விட்டு 104-101. அந்தக் கடைசி நொடியில ரெஃப்ரி ஃபவுல் அடிக்காம விட்டதை லீக்கே அப்புறம் ஒத்துக்கிச்சு, சரி, அது ஒண்ணு உங்க கணக்குல சேத்துக்குங்க. டைரீஸ் மேக்ஸின்னு ஒரு பையன், 2020ல 21ஆவதா எடுத்தது, இவங்க உருப்படியா செஞ்ச வேலையில ஒண்ணு, அவரு அஞ்சாவது ஆட்டத்துல 46 பாயிண்ட் போட்டு உயிரைக் காப்பாத்தினாரு. ஆறாவதுல 118-115ன்னு முடிஞ்சிடுச்சு. நியூயார்க் ரசிகனுங்க வந்து அரங்கத்தை நிரப்பிடுவாங்கன்னு பயந்து டீம் முதலாளிங்களே 2,000 டிக்கெட்டுக்கு மேல காசு குடுத்து வாங்கி உள்ளூர் ஜனங்களுக்குக் குடுத்தாங்க. கல்யாணத்துக்கு ஆளு வராதுன்னு மாப்ள வீட்டுக்காரனே பஸ்ஸு புடிச்சி ஆளைக் கூட்டிட்டு வந்த கதை.

2024-25 எதுக்கு எழுதணும்னு இருக்கு. பால் ஜார்ஜுக்கு நாலு வருஷம் 212 மில்லியன், 34 வயசு. எம்பீட் 19 ஆட்டம் ஆடினாரு, ஜார்ஜ் 41, மேக்ஸி 52. மொத்தம் 24 வெற்றி 58 தோல்வி. இதுலதான் நான் மேல சொன்ன அந்தக் கடன் வந்து கதவைத் தட்டுச்சு. ஹோர்ஃபர்டைத் தள்ளிவிடக் குடுத்த டிராஃப்ட் வாய்ப்பு, மொத ஆறு எடத்துக்குள்ள வந்தா நமக்கு, ஏழு எட்டுன்னு போனா ஒக்லஹோமாவுக்கு. கடைசி ரெண்டு மாசம் நான் என்ன செஞ்சேன்னா, காலையில எழுந்து தோத்துட்டாங்களான்னு பாத்து, தோத்திருந்தா நிம்மதியா ஆப்பம் சாப்பிட்டேன். பத்து வருஷத்துக்கு முந்தி விட்ட எடத்துக்கே வந்து நிக்கிறோம். தப்பிச்சிடுச்சு, மூணாவது எடம் கெடைச்சி எட்ஜ்கோம்னு பஹாமாஸ் பையனை எடுத்திருக்காங்க. அந்த ஒக்லஹோமா அதே ஜூன்ல கப்பு ஜெயிச்சாங்க.

டயர் கடை நண்பன், அதாவது இப்ப அவனே தவுக்கே, கடை முதலாளி, பாஸ்டன் ரசிகன், 2024ல அவங்க கப்பு ஜெயிச்சப்ப எனக்கு ஒரு டயர் சும்மா போட்டுக் குடுத்தான், ஆறுதலுக்காம். அவன் உங்க பேப்பர் செய்திய நான் படிச்சிக் காட்டினதும் சிரிச்சான், 'உங்க பேப்பர்காரனுங்க நல்லவங்கடா, நான் எழுதியிருந்தா முட்டாள் டீம்னு போட்டிருப்பேன்'னு. எனக்குக் கோபம் வந்துச்சு, ஆனா ரெண்டுல எது நெசத்துக்குப் பக்கம்னு நீங்களே பாத்துக்குங்க.

இன்னும் ஒண்ணு கேட்டுக்கிறேன். இப்ப சாயங்காலத்துல அந்த சீனப்பள்ளி கோர்ட்ல தமிழ்ப் பசங்க ஏழெட்டுப் பேரு ஆடுறாங்க, என் பொண்ணும் போறா, அவளுக்குப் புடிச்சது மேக்ஸி, எனக்கு அதுல தனி சந்தோசம். இந்தப் பசங்க ஸ்கோரைத் தேடி இங்கிலீஷ்லயும் சீனத்துலயும்தான் படிக்கிறாங்க. அக்டோபர்ல சீசன் ஆரம்பிக்குது, ஆட்டம் எல்லாம் நமக்குக் காலையில முடிஞ்சிடும், மறுநாள் பேப்பர்ல ரெண்டு வரியில ஸ்கோர் மட்டும் போட்டா கூட போதும், தலைப்பு நாங்களே வச்சிக்கிறோம். முடிஞ்சா அந்த 'ராசி இல்லாத'ங்கிறதுக்கு ஒரு திருத்தமும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு பாய்லர் தொழிலாளி,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.

பி.கு.: எடம் இல்லன்னு கடிதத்தை வெட்டுவீங்கன்னு தெரியும். என் கதைய வெட்டுங்க, எம்சி எடுத்ததை கண்டிப்பா வெட்டுங்க, பட்லர் பத்தின பத்திய மட்டும் விட்டு வைங்க.